கண்ணுக்குத் தெரியாத கோடுகள்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று மலர்க் குழு கேட்டபோது, "சி.என்.சி. மெஷின் பற்றி எழுதேன், மூன்றாம் வருஷத்துக்காரங்களுக்கு இன்டர்வியூவில் உதவும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஓவியம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "ஏன்டா, பாலிடெக்னிக் மலர்ல சினிமா போஸ்டர் பத்தியா?" என்று ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். போன வருஷம் நானும் அப்படித்தான் ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் இதுதான். நம் வகுப்பு மாமல்லபுரம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து சோழிங்கநல்லூர் பக்கம் இடதுபுறம் திரும்ப வேண்டிய பஸ்ஸை, நம் டிராயிங் சார் "கொஞ்சம் நேரே போப்பா" என்று சொல்லி ஈஞ்சம்பாக்கத்தில் நிறுத்தினார். சோழமண்டலம் ஓவியர் கிராமம். வெளியில் மரத்தடியில் கல், இரும்பு, செம்புச் சிற்பங்கள். உள்ளே ஒரு மியூசியம். பசி நேரம். பாதிப் பேர் வாசலிலேயே செல்ஃபி எடுத்துக்கொண்டு நின்றுவிட்டோம். உள்ளே போனவர்கள் ஒரு படத்துக்கு முன்னால் நின்று கெக்கே பிக்கே என்று சிரித்தோம்.

கறுப்பு மையில் வரைந்த படம். குவிந்த கோபுரங்கள், வளைவுகள், படிக்கட்டுகள். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாத ஓர் அரண்மனை. இறக்கை முளைத்த பிராணிகள், நெளியும் பாம்புகள், கிரீடம் வைத்த பெண்கள். கை அகலத்துக்குக்கூட வெறும் இடம் கிடையாது. எல்லா இடத்திலும் கோடு, கோடு, கோடு. இந்த மாய உலகத்துக்கு நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன மனுஷன். "என்னடா இது, காய்ச்சல்ல வந்த கனவா?" என்று ஒருத்தன் கேட்டான். அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது.

எங்கள் பேட்ச்சில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. பேர் வேண்டாம். வைவாவில் வாய் திக்குவதால் இரண்டு அரியர் வைத்திருப்பவன்; ஹாஸ்டலில் யாரோடும் அதிகம் பேசாதவன். பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றான். திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் படத்தை வரைந்தவர் பெயர் கே. ராமானுஜம். அவர் யார் என்று தேடப் போய், நான் எங்கெங்கேயோ சுற்றிவிட்டு வந்தேன். கிடைத்ததை நம்ம பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

சாமியின் கண் ஏன் அவ்வளவு பெரிசு?

முதலில் ஒரு சந்தேகம். இல்லாத உருவத்தை, கை கால் சரியாக இல்லாத உருவத்தை ஏன் வரைய வேண்டும்? ஒழுங்காக வரையத் தெரியாதா?

ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கிற முனீஸ்வரனை நினைத்துப் பாருங்கள். அந்தக் கண் எந்த மனுஷனுக்கு இருக்கிறது? மீசை எந்த அளவில் சேரும்? செய்த குயவருக்கு மனுஷக் கண்ணின் அளவு தெரியாதா என்ன? ராத்திரி பூரா ஊரைக் காவல் காக்கிற சாமி அது. விழித்திருப்பதுதான் அதன் வேலை. ஆகவே கண் பெரிசு. நாம் சின்ன வயசில் அதைத் தாண்டிப் போகும்போது அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டோமே, அந்தப் பயத்தையும் பக்தியையும் உண்டாக்கத்தான் அளவு மாற்றப்பட்டிருக்கிறது.

நம்ம மணிமங்கலத்திலேயே இன்னொரு உதாரணம். ராஜகோபாலப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். வழக்கமாகப் பெருமாளுக்கு வலக்கையில் சக்கரம், இடக்கையில் சங்கு. இங்கே இடம் மாறி இருக்கும். பாரதப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொன்ன கண்ணன் கதையோடு சேர்த்து அதற்குக் காரணம் சொல்வார்கள். விதியை மாற்றினால், பார்க்கிறவன் நின்று 'ஏன்?' என்று கேட்பான். கேட்டதும் உள்ளே இருக்கிற கதை வெளியே வரும்.

இந்த இரண்டும் புரிந்தால் எக்ஸ்பிரஷனிசம் பாதி புரிந்த மாதிரி. தமிழில் இதை வெளிப்பாட்டுவாதம் என்கிறார்கள். கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைவிட, மனசுக்கு எப்படிப் படுகிறது என்பதை வரைவது. அதற்காக உருவத்தை நீட்டலாம், வளைக்கலாம், முகத்துக்குப் பச்சை நிறம்கூடப் பூசலாம்.

நம்ம சப்ஜெக்ட்டிலேயே சொல்கிறேன். இன்ஜினியரிங் டிராயிங்கில் வெளியே தெரிகிற விளிம்புக்கு முழுக் கோடு போடுகிறோம். உள்ளே ஒரு துளை இருக்கிறது, எதிரே நின்று பார்த்தால் தெரியாது. அதற்காக விட்டுவிடுகிறோமா? விட்டு விட்டு வரும் கோடாக, ஹிடன் லைன் போடுகிறோம். போடாவிட்டால் சார் மார்க் குறைப்பார்; அந்த டிராயிங்கை வைத்துப் பார்ட் செய்தால் துளையே இல்லாமல் வந்து நிற்கும். மனுஷனுக்குள்ளேயும் வெளியே தெரியாத துளைகள் உண்டு. அந்த ஹிடன் லைன்களை முழுக் கோடாகப் போட்டுக் காட்டுகிறவர்கள்தான் இந்த ஓவியர்கள்.

ஆரம்பித்தவர்களும் நம்ம ஆட்களே!

இது எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்தில், 1905 ஜூன் 7-ம் தேதி. ஆரம்பித்தவர்கள் நான்கு பேர்: எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர், எரிக் ஹெக்கல், கார்ல் ஷ்மிட்-ரோட்லுஃப், ஃபிரிட்ஸ் பிளைல். நான்கு பேரும் அந்த ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக்கலை படித்த மாணவர்கள்! டிராயிங் போர்டும் டி-ஸ்கொயரும் பிடித்த கைதான் அது. கிர்ஷ்னர் அதே வருஷம் டிப்ளமோவையும் முடித்துவிட்டார். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'பாலம்' என்று அர்த்தம்.

தொழிற்சாலைகள் பெருகி, கிராமம் நகரத்துக்குள் கரைந்துகொண்டிருந்த காலம் அது. கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்கிற மனுஷனை அவர்கள் வரைந்தார்கள். ஆப்பிரிக்க, பசிபிக் தீவுச் சிற்பங்களை மியூசியத்தில் பார்த்து அதிர்ந்துபோனவர்கள். கொஞ்ச நாள் இவர்களோடு சேர்ந்திருந்த எமில் நோல்டே, 1909 முதல் ஏசுவின் கடைசி விருந்து போன்ற பக்திக் காட்சிகளை, முகமூடி போன்ற முகங்களோடும் கொதிக்கிற நிறங்களோடும் வரைந்தார்.

பிறகு வந்தது ஹிட்லர் ஆட்சி. 1937-ல் மியூனிக் நகரத்தில், 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். மியூசியங்களிலிருந்து பறித்த படங்களைக் கோணல்மாணலாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் கேலி வாசகம் எழுதி, வந்து சிரியுங்கள் என்று ஜனங்களைக் கூப்பிட்டார்கள். நோல்டேயின் விதியைப் பாருங்கள். அவர் ஹிட்லர் கட்சியை ஆதரித்தவர். அப்படியும் மியூசியங்களிலிருந்து அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் பறிக்கப்பட்டன. ஒரு படத்தைப் பார்த்துச் சிரிக்க வைப்பதை ஓர் அரசாங்கமே திட்டம் போட்டுச் செய்திருக்கிறது என்று படித்தபோது, ஈஞ்சம்பாக்கத்தில் நாங்கள் சிரித்தது ஞாபகம் வந்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இந்தியாவுக்கு இந்தக் காற்று சீக்கிரமே வந்தது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில், ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியைச் சேர்ந்த கான்டின்ஸ்கி, பால் க்ளே போன்றவர்களின் படங்கள் வைக்கப்பட்டன. மெட்ராஸுக்கு மட்டும் வேறு ஒரு பாதை இருந்தது. அது நேராக நம்ம ஒர்க்‌ஷாப் வழியாகப் போகிற பாதை.

ஒர்க்‌ஷாப்பில் பிறந்த ஓவியப் பள்ளி

சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த பள்ளி அது. தொழிற்கலைகள் சொல்லிக் கொடுக்கிற இடமாகத்தான் வளர்ந்தது. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை, படம் வரைதல் எல்லாம் அங்கே உண்டு. நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கும் அந்தப் பள்ளிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? கிண்டி இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், 1890-களின் கடைசியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையை ஆரம்பித்தது அங்கேதான்.

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வரானார். மெரினா கடற்கரையில் நான்கு பேர் பாறையை நெம்புகிற உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர் அவர்தான். அவரிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 25 வயசில் மாணவனாக வந்து சேர்ந்தார். (அரியர் வைத்திருப்பவர்கள் மனசைத் தேற்றிக்கொள்க!) 1957-ல் ராய் சௌத்ரிக்குப் பிறகு அவரே முதல்வரானார்.

பணிக்கர் காலத்து ஓவியர்களுக்கு ஒரு பெரிய கேள்வி இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கிவிட்டது. இனி எப்படி வரைவது? வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த மாதிரி அச்சு அசலாக வரைவதா? பழைய கோயில் சிற்பத்தை அப்படியே காப்பி அடிப்பதா? பாரிஸில் இன்றைக்கு என்ன ஃபேஷனோ அதையா? இந்த மூன்றும் வேண்டாம் என்றால் நம்முடையது என்று என்னதான் இருக்கிறது?

பணிக்கர் 1954-ல் லண்டன், பாரிஸ் போய்ப் படங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. பல வருஷம் தேடியவருக்கு வழி கிடைத்த இடம்தான் வேடிக்கை: ஒரு மாணவனின் கணக்கு நோட்டு! எண்ணும் எழுத்தும் வடிவமும் நெருக்கி அடித்த ஒரு பக்கம் அவரைப் பிடித்து இழுத்தது. 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசைப் படங்களை வரைய ஆரம்பித்தார். ஜாதகக் கட்டம், கணக்குக் குறிகள், படிக்க முடியாத எழுத்து, பறவை, மீன் எல்லாம் சேர்ந்து ஏதோ ஓலைச்சுவடியைப் பிரித்து வைத்த மாதிரி இருக்கும். பாட்டி வீட்டில் ஜாதக நோட்டைப் புரட்டிய நமக்கு அது அன்னியமாகப் படாது.

பாத்திக் துணி விற்று வாங்கிய நிலம்

இப்போது ரொம்ப முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஓவியம் படித்தவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?

நம் எல்லார் வீட்டிலும் கேட்கிற கேள்வி இது. "படம் போட்டா சோறு போடுமா? டிப்ளமோ முடிச்சு ஒரகடத்துல ஒரு கம்பெனியில சேர்ற வழியைப் பாரு." பணிக்கரின் மாணவர்கள் வீட்டிலும் இதே கேள்விதான் இருந்திருக்கும். அதற்கு அவர்கள் கண்ட பதில் பிரமாதம். கைத்தொழில் செய்வது, அதில் வரும் பணத்தில் வாழ்வது, மீதி நேரத்தில் யாருக்கும் பயப்படாமல், யார் வாங்குவார்கள் என்று கவலைப்படாமல் தன் படத்தை வரைவது. மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி செய்தார்கள்; விற்றார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். குடிசை போட்டுக் குடியேறினார்கள். சோழமண்டலம் பிறந்தது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த கிராமம் கிடையாது அது. கைத்தொழில் கட்டிக் கொடுத்த கிராமம்.

அங்கே இருந்தவர்களில் சிலரை நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து வளைத்து, வெல்டிங் வைத்துச் சிற்பம் செய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துக் கடவுளும் பறவையும் மரமும் கலந்த உருவங்களை எழுப்பினார். நாம் ஷீட் மெட்டல் ஷாப்பில் ஒரு டிரே செய்ய இரண்டு வாரம் முக்குகிறோமே, அதே சுத்தியல், அதே கத்தரி, அதே பற்றவைப்பு! ஜே. சுல்தான் அலி, பழங்குடி மக்களின் கலையில் தோய்ந்து காளை, நாகம், விழி பிதுங்கும் தெய்வங்கள் என்று வரைந்தார். படத்துக்குள்ளேயே எழுத்தையும் பொறித்தார். முனீஸ்வரனுக்கு எதிரே நின்ற அதே உணர்ச்சி அவர் படத்தின் முன்னால் நின்றால் வரும்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் நம்ம ராமானுஜம்.

தொப்பிக்காரர்

ராமானுஜத்துக்குப் பேச்சு சரியாக வராது. படிப்பும் ஏறவில்லை. மனநோயும் அவரை வாட்டியது. சுற்றி இருந்தவர்களின் கேலிக்குக் குறைவில்லை. அவருக்குள் இருப்பதை அடையாளம் கண்டு, ஓவியப் பள்ளியில் இடம் கொடுத்து, தகப்பன் மாதிரி பார்த்துக்கொண்டவர் பணிக்கர். சோழமண்டலத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது.

வாயால் சொல்ல முடியாததை எல்லாம் அவர் மையில் சொன்னார். நெருக்கமான கோடுகளால் ஓர் உலகத்தையே கட்டினார். கோயில் கோபுரமும் கதைப் புத்தக அரண்மனையும் கலந்த மாளிகைகள், பறக்கும் பிராணிகள், காத்திருக்கும் பெண்கள். நிஜ வாழ்க்கையில் அவருக்கு எந்த வாசலும் திறக்கவில்லை; படத்தில் எல்லா வாசலும் அவருக்காகத் திறந்திருக்கின்றன. அந்தத் தொப்பிக்காரர் வேறு யாருமில்லை, அவரேதான். தன் ராஜ்யத்தில் தானே ராஜாவாக உலா வருகிறார்.

ராமானுஜத்தை எக்ஸ்பிரஷனிசம் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிட முடியாது. அவருடையது கனவு ஓவியம் என்றும் சொல்கிறார்கள். எந்தப் பெயர் வைத்தாலும் அடிப்படை ஒன்றுதான். உள்ளே இருந்த ஹிடன் லைன் எல்லாம் அவர் படத்தில் முழுக் கோடாகிவிட்டது. டிரெஸ்டன் மாணவர்கள் ஏட்டைப் பார்த்தும் மியூசியத்தைப் பார்த்தும் போய்ச் சேர்ந்த இடத்துக்கு, இவர் தன் வலியைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

1973-ல், முப்பது வயதைச் சற்றே தாண்டியிருந்தபோது, ராமானுஜம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு அன்பான ஆசிரியர், அவ்வளவு நண்பர்கள், அவ்வளவு திறமை எல்லாம் இருந்தும் அந்த வலியைத் தடுக்க முடியவில்லை. கஷ்டம்தான் கலையை உண்டாக்குகிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அவர் பிழைத்திருந்தால் இன்னும் நாற்பது வருஷம் வரைந்திருப்பார். நமக்கு இன்னும் எத்தனை அரண்மனைகள் கிடைத்திருக்கும்! எழுத்தாளர் சி. மோகன் இவர் வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதியிருக்கிறார். கிடைத்தால் படியுங்கள்.

கடைசிப் பக்கம்

அந்தப் படத்துக்கு முன்னால் நின்ற எங்கள் நண்பனிடம் மறுநாள் போய், "நேத்து என்னடா பார்த்தே அவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். மூன்று வருஷத்தில் நானாகப் போய் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவன் பதில் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து தெர்மல் நோட்டை எடுத்தான். கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிக் காட்டினான்.

பாய்லருக்குள் ஓர் ஊர். பைப் எல்லாம் பாம்பு. வால்வு வீல் மேல் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி ஷிப்ட் பஸ்ஸுக்கு இறக்கை முளைத்து ஏரிக்கு மேலே போகிறது. ஜன்னல் எல்லாம் தூங்குகிற முகங்கள். கடைசி சீட்டில் ஒருத்தன் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கண், எல்லையில் இருக்கிற சாமிக் கண் மாதிரி, முகத்தில் பாதி.

இத்தனை நாள் அவனை ஊமை என்று கூப்பிட்டவர்கள் நாங்கள். அவன் மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கடைசிப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

நண்பர்களே, நம்மில் எல்லோரும் ஓவியர் ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு ஹாஸ்டலிலும் ஒருத்தன் அப்படி இருப்பான். அவனுக்குப் பணிக்கர் மாதிரி ஓர் ஆசிரியர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பக்கத்துக் கட்டிலில் நாம் இருக்கிறோமே. பேச்சு திக்கினால் காத்திருந்து கேட்போம். மனசு ரொம்பக் கனத்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். காய்ச்சலுக்குப் போவதில்லையா, அது மாதிரிதான். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். ராமானுஜம் காலத்தில் இல்லாத வசதி அது.

பாத்திக் துணி விற்று வாழ்ந்தவர்கள் ராத்திரியில் தெய்வங்களை வரைந்தார்கள். நாளைக்கு நாமும் யூனிஃபார்ம் போட்டு ஷிப்டுக்குப் போவோம். வேலை முடிந்து வந்த பிறகு ஒரு பென்சிலும் பேப்பரும் எடுத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. அப்படிச் செய்தவர்களுக்கு ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு கிராமமே சாட்சியாக நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். இந்த முறை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்!

மலர்க் குழுவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓர் இடம் வாங்கியிருக்கிறேன். இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் வந்திருப்பது நம் நண்பனின் அந்தப் பறக்கும் பஸ்தான். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முதலில் சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. பக்கத்தைத் திருப்பிவிடாமல் இரண்டு நிமிஷம் பாருங்கள்.

– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்,
மணிமங்கலம்.